பந்தியில் ஓரிடம்

சென்ற திங்களில் நம் சங்கத்து அன்பர் ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு மணமாகி ஆறாண்டுகளுக்குப் பின் ஆண் மகவு ஒன்று பிறந்திருக்கிறது. மூன்றாம் நாள் மருத்துவர் குழந்தையின் கண்களையும் உள்ளங்கைக் கோட்டையும் பார்த்து ஐயுற்று, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் ‘டவுன் சிண்ட்ரோம்’ என்று கூறிவிட்டார். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் கூடிப் பேசி, “தெற்கே கன்னியர் நடத்தும் இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே விட்டுவிட்டு மாதந்தோறும் பணம் அனுப்பு. அடுத்த பிள்ளையைப் பற்றி யோசி” என்று ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். குழந்தைக்கு இப்போது மூன்று மாதம். அன்பர் கேட்கும் கேள்விகள் இரண்டு. இது நாங்கள் செய்த பாவத்திற்குக் கிடைத்த தண்டனையா? பிள்ளையை நாங்கள் எங்கே வைத்துக்கொள்வது?

இப்பகுதியில் வழக்கமாக வீட்டுச் செலவு, பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு, ஊர்ப் பயணம் முதலியவற்றைப் பற்றியே எழுதி வருகிறேன். இக்கடிதம் என்னை நாடி வந்ததற்குக் காரணம் உண்டு. ஒன்பது வயதான எங்கள் இளைய மகள் இந்நிலையுடன் பிறந்தவள். சங்கத்துப் பொங்கல் விழாவில் அவளைப் பார்த்திராதவர் சிலரே இருப்பர். நாற்காலி வரிசை கோணலாக இருந்தால் செயலாளருக்கே கட்டளையிடுகிறவள் அவள்தான். நான் மருத்துவனும் அல்லேன், வேதசாத்திரம் கற்றவனும் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். ஆயினும் ஒன்பதாண்டுகளாக இதைப் பற்றிப் படித்தும், கேட்டும், கண்டும் வருகிறேன். கடிதம் எழுதிய அன்பரும் நானும் கிறிஸ்தவர்களாகையால் எங்கள் வேதத்திலிருந்து சில செய்திகளை எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. பிற சமயத்து வாசகர்கள் பொறுத்தருள்க. பிள்ளைப் பாசத்திற்குச் சமயம் இல்லை.

முதலில், இது எப்படி நேர்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் உடலின் உயிரணுக்களில் குரோமோசோம் எனப்படும் நுண்ணிய இழைகள் உள்ளன. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23, ஆக மொத்தம் 46. கரு உருவாகும் வேளையில் 21ஆம் எண் கொண்ட இழை இரண்டாக இருப்பதற்குப் பதில் மூன்றாக அமைந்துவிட்டால், குழந்தை 47 இழைகளுடன் பிறக்கிறது. இதுவே டவுன் சிண்ட்ரோம். பெரும்பாலும் இது தற்செயலாக நேர்வது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு மிகுதியாகிறது என்பது உண்மை. எனினும் இளம் தாய்மாருக்கும் இத்தகைய குழந்தைகள் பிறக்கின்றன. கிரகணத்தன்று வெளியே வந்ததால் அன்று. பப்பாளி தின்றதால் அன்று. மாமியார் மனம் நொந்து பேசியதால் அன்று. சொந்தத்தில் பெண் எடுத்ததால் என்பாரும் உளர். நெருங்கிய உறவில் மணப்பது வேறு சில பிறவிக் குறைகளுக்கு இடமளிக்கக்கூடும். இதற்கு அது காரணமன்று. இவ்வளவையும் நம் பெண்டிர் முன்னிலையில் உரக்கப் படிக்குமாறு வேண்டுகிறேன். பழி எப்போதும் தாயின் தலையிலேயே வந்து விழுகிறது. கடிதத்தின் ஓரத்தில் அன்பரின் மனைவி எழுதியுள்ள ஒற்றை வரியே அதற்குச் சான்று.

இந்நிலையை முதன்முதலில் 1866இல் விரிவாக எழுதியவர் ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர். அக்குழந்தைகளின் முகத்தைக் கண்டு அவர் ஓர் இனத்தாரின் பெயரை அவர்களுக்குச் சூட்டினார். அப்பெயர் நூறாண்டு வழங்கி, மங்கோலிய நாட்டார் 1965இல் உலக சுகாதார நிறுவனத்திடம் முறையிட்ட பின்னரே கைவிடப்பட்டது. ஒரு வியப்பைக் கூறவேண்டும். அம்மருத்துவர் இறந்த பின், 1905இல், அவருடைய பேரன் ஒருவன் இதே நிலையுடன் பிறந்தான். பாவத்தின் கூலி என்போர் அந்த மருத்துவர் செய்த பாவம் யாது என்று கூறுவார்களாக.

மேற்கூறிய மூன்றாவது இழை பாரிஸ் நகரில் கண்டறியப்பட்டு 1959இல் அறிவிக்கப்பட்டது. ரேமோன் துர்ப்பேன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர் உயிரணுக்களை வளர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். ழெரோம் லெழேன் இழைகளை எண்ணி அறிவித்தார். புகழ் முழுவதும் நெடுங்காலம் லெழேனுக்கே போயிற்று. அவ்வம்மையாரின் பங்கு பிற்காலத்தில்தான் பேசப்பட்டது. லெழேன் ஆழ்ந்த கத்தோலிக்கர். தம் வாழ்நாள் முழுவதும் இக்குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்து, 1994ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளன்று மறைந்தார். 2021இல் ரோமாபுரி அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

நிற்க. அன்பரின் முதற் கேள்விக்கு வருவோம். இதே கேள்வியைச் சீடர்கள் சேசுநாதரிடம் கேட்டிருக்கிறார்கள். அருளப்பர் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றோர் செய்த பாவமா என்கிறார்கள். இரண்டும் இல்லை என்பது அவருடைய விடை. இதைவிடத் தெளிவான சொல் வேண்டுமோ? ஞாயிறு தோறும் சுவிசேஷம் கேட்கும் நம்மவரே வீட்டு வாசலுக்கு வந்ததும் சீடர்களின் கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டு, விடையை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அக்குருடன் பார்வை பெற்றான். இங்கேதான் நம் பெற்றோர் இடறுகிறார்கள். எங்கள் மகள் பிறந்தபோது என் மாமியார், குழந்தை மற்றப் பிள்ளைகளைப்போல் ஆகிவிட வேண்டும் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார்கள். நான்கு ஆண்டுகள் சென்றன. குழந்தை நடக்கத் தொடங்கினாள், பேசத் தொடங்கினாள். ஆனால் மாமியார் வேண்டிய பொருளில் ஒன்றும் நேரவில்லை. நேர்த்தி பலிக்கவில்லையே, கடனைச் செலுத்துவதா வேண்டாமா என்று அவர்களுக்குப் பெருங்குழப்பம். என் மனைவி, “அம்மா, நீங்கள் கேட்டது கிடைக்கவில்லை, கேட்காத பிள்ளை கிடைத்திருக்கிறாள். அதற்குச் செலுத்துவோம்” என்று கூறி, செப்டம்பர்த் திருநாளுக்கு மகளையும் அவர்களையும் அழைத்துச் சென்று மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தாள். அம்மூன்று பேருக்கும் படுக்கை வாங்க நான் பட்ட பாட்டை வேறொரு மாதம் எழுதுகிறேன்.

குணமாகாதவனைப் பற்றிய கதை ஒன்றும் வேதத்தில் உண்டு. அதிகம் பேர் அதைக் கவனிப்பதில்லை. தாவீது அரசனின் நண்பன் யோனத்தானுக்கு ஒரு மகன். ஐந்து வயதில் செவிலி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகையில் கீழே விழுந்து இரு கால்களும் முடமாயின. யோனத்தான் போரில் மடிந்தபின் தாவீது அவனைத் தேடிப் பிடித்து வரச்செய்து, அரசகுமாரர்களோடு ஒருவனாகத் தன் பந்தியில் நாள்தோறும் உண்ணும்படி அமர்த்தினான். அரசன் அவன் கால்களைக் குணமாக்கவில்லை, எவரும் குணமாக்கவில்லை. கதை முடியும்போதும் அவன் முடவனே. ஆனால் பந்தியில் அவனுக்கு இடம் உண்டு. அன்பரின் இரண்டாம் கேள்விக்கு என்னிடமுள்ள விடை இதுவே: பிள்ளைக்கு இடம் உங்கள் பந்தியில்.

நம் ஊர்களில் பந்தி என்பது சிறிய செய்தி அன்று. யாரை எந்தப் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்பதற்காகப் பேச்சு வார்த்தையற்றுப்போன குடும்பங்களை நாம் அறிவோம். இந்நகரத்தில் ஒரு கலியாண வீட்டில், பந்தி தொடங்குமுன் வீட்டு அம்மாள் என் மனைவியிடம் வந்து, “பிள்ளைக்கு உள்ளே வைத்து முதலிலேயே ஊட்டிவிடுங்களேன், கூட்டத்தில் அதற்குச் சிரமம்” என்றார்கள். சிரமம் யாருக்கு என்பது இருவருக்கும் தெரியும். என் மனைவி சிரித்துக்கொண்டே, “அவள் தானே சாப்பிடுவாள் அக்கா, இலை மட்டும் போடச் சொல்லுங்கள்” என்றாள். இலை போடப்பட்டது. மகள் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கி உண்டாள்.

இதனை ஏழை எளியவர் பாடு என்று எண்ண வேண்டாம். பிரெஞ்சு தேசத்தின் தலைவராக விளங்கிய ஜெனரல் சார்லஸ் டி கோலின் இல்லத்தில் நடந்ததைக் கேளுங்கள். அவர் படைத்தலைவராக ஜெர்மானிய நகரமான ட்ரியரில் இருந்த காலத்தில், 1928ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அவருடைய மூன்றாவது குழந்தை ஆன் பிறந்தாள். டவுன் சிண்ட்ரோம். அக்காலத்தில் அந்நாட்டு மேற்குடியினர் இத்தகைய குழந்தைகளை ஏதேனும் ஓர் இல்லத்திற்கு அனுப்பிவிட்டு, வீட்டில் பேச்சே எடுப்பதில்லை. டி கோலும் அவர் மனைவி இவோன் அம்மையாரும் அவ்வாறு செய்யவில்லை. இருவரும் பக்தியுள்ள கத்தோலிக்கர். 1934இல் கொலொம்பே என்னும் சிற்றூரில் ஒரு வீட்டை வாங்கினார்கள். மகள் அமைதியாகத் தோட்டத்தில் உலவ வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது தாயார் பிள்ளைகளையும் ஆனையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். போர்க்களத்தில் இரும்பென நின்றவர், பேச்சில் எவரையும் அருகே அண்டவிடாதவர் என்று பெயர் வாங்கிய அம்மனிதர், மாலை நேரத்தில் மகளோடு பாட்டுப் பாடி, ஆடி, கதை சொல்லி விளையாடுவாராம்.

அவர்கள் ஓர் இல்லத்தையும் நிறுவினார்கள் என்பதைக் கூறாமல் விட்டால் நியாயமாகாது. போர் முடிந்த கையோடு, 1945இல், பாரிஸுக்குத் தென்மேற்கே ஒரு மாளிகையை வாங்கி, அறிவு வளர்ச்சி குன்றிய ஏழைப் பெண்களுக்கெனத் தம் மகளின் பெயரால் ஓர் அறநிலையத்தைத் தொடங்கினர். ஆகவே இல்லங்களை நான் பழிக்கவில்லை. பெற்றோரை இழந்தும், கைவிடப்பட்டும் கிடக்கும் பிள்ளைகளைக் கன்னியர்கள் தூக்கி வளர்ப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். தாயும் தந்தையும் உடல் நலத்தோடு இருக்க, ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி ஒரு குழந்தையை அங்கே கொண்டுபோய் விடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அந்த இடம் வேறொரு பிள்ளைக்கு வேண்டியது.

ஆன் தன் இருபதாம் வயதில், 1948 பிப்ரவரி 6ஆம் நாள், மார்புச் சளியினால் இறந்தாள். அடக்கத்தின்போது தந்தை தம் மனைவியிடம், இப்போது அவள் மற்றவர்களைப்போல் ஆகிவிட்டாள் என்று கூறியதாகச் சொல்வர். எல்லாரும் உருக்கத்தோடு எடுத்துக்காட்டும் இச்சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. இருபதாண்டு அவளை அவளாகவே நேசித்தவர், இறுதியில் மற்றவர்களைப்போல் என்று ஏன் ஆறுதல் தேட வேண்டும்? துயரத்தில் வந்த சொல் என்று விட்டுவிடலாம். அவருடைய செயல் சொல்லைவிடப் பெரிது. 1952இல் எழுதிய உயிலில், தம்மைக் கொலொம்பேயில், மகள் துயிலும் கல்லறையிலேயே அடக்க வேண்டும் என்றும், அடக்கத்தில் ஆடம்பரம் கூடாது என்றும் எழுதி வைத்தார். 1970 நவம்பரில் அவ்வாறே நடந்தது.

பாவத்தின் தண்டனை என்பார் ஒருபுறம் இருக்க, மறுபுறம் வேறொரு கூட்டத்தார் உளர். “இது பிள்ளை அன்று, தேவதூதன். இறைவன் உங்களைத் தெரிந்தெடுத்து அனுப்பியிருக்கிறார்” என்பார்கள். அமெரிக்க நடிகை டேல் எவன்ஸ், இந்நிலையுடன் 1950இல் பிறந்து இரண்டாண்டு நிறைவதற்குச் சற்று முன்னர் மறைந்த தம் மகளைப் பற்றி 1953இல் எழுதிய சிறு நூல், அவளை அறியாமல் வந்த தேவதூதனாகவே காட்டியது. மருத்துவர்கள் இல்லத்தில் விடச் சொன்னபோது மறுத்து, குழந்தையை வீட்டிலேயே வளர்த்தவர் அந்த அம்மையார். அந்நூலைப் படித்துப் பல குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை வெளியே அழைத்து வந்தன என்பர், நல்லதே. ஆயினும் தேவதூதனுக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை, பல் துலக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை, அடம் பிடித்தால் அதட்ட வேண்டியதில்லை. என் மகள் தன் அண்ணனின் பேனாவை ஒளித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று சாதிப்பாள். அவளைத் தேவதூதன் என்றால் அவளே நம்பமாட்டாள்.

இந்தத் தேவதூதப் பேச்சு எங்கள் வீட்டில் ஒரு சிக்கலையும் உண்டாக்கியது. புது நன்மை வாங்கும் வயது அவளுக்கு வந்தபோது, ஞாயிறு ஞானோபதேச வகுப்பு நடத்தும் ஒருவர், “இந்தப் பிள்ளைக்குப் பாவமே கிடையாது, இவளுக்குப் புது நன்மை எதற்கு?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். பந்தியிலிருந்து எழுப்பிவிடும் அன்பு அது. எங்கள் திருச்சபையில் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1910இல் ஒரு கட்டளை பிறப்பித்தார். சிறுவர்கள் ஏறத்தாழ ஏழு வயதிலேயே நற்கருணை வாங்கலாம். சாதாரண அப்பத்திற்கும் நற்கருணைக்கும் உள்ள வேற்றுமையைத் தன் வயதுக்குத் தக்கபடி அறிந்தால் போதும் என்பது அதன் சாரம். இதை எடுத்துக்கொண்டு பங்குச் சுவாமியாரிடம் சென்றேன். அவர் ஒரு மாலை வீட்டிற்கே வந்து, தேநீர் அருந்திவிட்டு, மகளிடம் ஒரு பன் துண்டைக் காட்டி, “இது யாருக்கு?” என்றார். “எனக்கு. அண்ணனுக்கு.” “பூசையில் சாமியார் கொடுப்பது என்ன?” அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சேசு” என்றாள். சுவாமியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் அத்துடன் நிறுத்தவில்லை. “எனக்கு மட்டும் தரலை” என்றாள். அவள் ஒவ்வொரு ஞாயிறும் எங்களோடு வரிசையில் வந்து, நாங்கள் வாங்க, தான் வாங்காமல் திரும்பியதை எல்லாம் எண்ணி வைத்திருந்தாள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடந்த மே மாதம் மற்ற பதினோரு பிள்ளைகளோடு அவளும் வெள்ளையுடை அணிந்து சென்று வாங்கினாள்.

இனி அன்பர் உடனே செய்யவேண்டியவற்றைக் கூறிவிடுகிறேன். இக்குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கும். வெளியே தெரியாமலும் இருக்கலாம். ஆகவே இதயத்தை எக்கோ என்னும் பரிசோதனையால் பார்த்துவிட வேண்டும். இதில் தாமதம் ஆகாது. உரிய காலத்தில் அறுவை செய்தால் சீராகக்கூடிய குறையே பெரும்பாலும். காது, கண், தைராய்டு ஆகியவற்றையும் காலந்தோறும் பார்க்க வேண்டும். உடல் தளர்ந்திருப்பதால் கழுத்து நிற்பதும், உட்காருவதும், நடப்பதும் தாமதமாகும்; உடற்பயிற்சி மருத்துவரிடம் முதல் ஆண்டிலேயே தொடங்கினால் நன்று. முற்காலத்தில் இக்குழந்தைகள் நீண்ட நாள் வாழ்வதில்லை. இன்று நல்ல மருத்துவம் கிடைக்குமிடங்களில் அறுபது வயது வரை வாழ்கிறார்கள்.

மற்றொன்று, நம்மைப்போல் வெளி மாநிலத்தில் வாழ்வோருக்கு முக்கியமானது. இக்குழந்தைக்கு ஒரு மொழியே போதும், வீட்டிலும் இந்தியே பேசுங்கள் என்று எங்களுக்கும் சொன்னார்கள்; உங்களுக்கும் சொல்வார்கள். இரு மொழிச் சூழலில் வளரும் இக்குழந்தைகள் ஒரு மொழியில் வளர்பவர்களைவிடப் பின்தங்குவதில்லை என்று 2005இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. எங்கள் மகள் பள்ளியில் இந்தி, வீட்டில் தமிழ். பாட்டியோடு தொலைபேசியில் சண்டையிடுவது தமிழில்தான். தமிழை எடுத்துவிட்டிருந்தால் பாட்டியையும் எடுத்துவிட்டிருப்போம்.

நமக்குப் பின் யார் என்ற அச்சத்தை மறைக்க விரும்பவில்லை. இரவில் விழிப்பு வந்தால் முதலில் வரும் எண்ணம் எனக்கும் அதுவே. செபமாலை சொல்லியும் அது முற்றும் போவதில்லை. அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று அவன் தலையில் இப்போதே சுமத்துவது சரியன்று, அவனும் பிள்ளை. ஆனால் சில ஏற்பாடுகள் நம் கையில் உள்ளன. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, பதினெட்டு வயதுக்குப் பின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் குழு உண்டு. அதன் ‘நிராமயா’ திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அவர்கள் உரிமை. பள்ளி செய்யும் தயவு அன்று. மத்திய அரசு ஊழியரின் பிள்ளை தானே பிழைக்க இயலாதவராயின், பெற்றோருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் அவருக்கு ஆயுள் முழுவதும் உண்டு. பணியில் இருக்கும்போதே குடும்பப் பட்டியலில் பிள்ளையின் பெயரையும் நிலையையும் சான்றுடன் பதிந்து வைத்துவிட வேண்டும். பிற்காலத்தில் அலைவது கொடுமை. அத்தகைய கோப்புகளை நான் நாள்தோறும் பார்ப்பவன்.

என் இலாகாவைப் பற்றியும் ஒரு சொல். துணையின்றிப் பயணம் செய்ய இயலாத அறிவுத்திறன் குறைபாடுடையோருக்கும், உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றில் 75 விழுக்காடு; இரண்டடுக்கு, முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டிகளில் 50 விழுக்காடு. 2020 மார்ச்சில் முதியோர் சலுகை முதலிய பல நிறுத்தப்பட்டபோதும் இது நிறுத்தப்படவில்லை. அரசு மருத்துவமனை மருத்துவர் தரும் சான்று வேண்டும். ஊரில் தாத்தா பாட்டி பேரனை ஆண்டுக்கு ஒரு முறையேனும் மடியில் வைத்துப் பார்க்கட்டும். இல்லத்தில் விடச் சொன்னவர்களும் பார்க்கட்டும்.

சான்றுக்கான படிவம் என்னிடம் சில பிரதிகள் இருக்கின்றன. வேண்டுவோர் ஞாயிறு மாலை 5 மணிக்குமேல் சங்க நூலகத்தில் என்னைக் காணலாம். மகளும் உடன் இருப்பாள்; புத்தகங்களை எடுத்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.